கறுப்பு மட்டும் காவல் அல்ல

கோடை விடுமுறை வந்தால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் ஊருக்குப் புறப்படுகிறார்கள். தாதரிலோ குர்லாவிலோ ரயில் ஏறுமுன் பிள்ளைகளுக்கு நடைபாதைக் கடையில் ஆளுக்கொரு கூலிங் கிளாஸ். வெயில் கவலை தீர்ந்தது என்று பெற்றோருக்கு நிம்மதி. சிக்கல் அங்கேதான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடியானால், விரிந்த வழியே அது உள்ளே நுழைகிறது. அதிலும் பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். ஆண்டுக்கணக்கில் படும் இந்தக் கதிர், பிற்காலக் கண்புரைக்கு ஒரு காரணம். பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. 400 நானோமீட்டர் வரை தடுக்கும் ‘யுவி 400’ தன்மையை. ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பாமல், கருவி உள்ள கண்ணாடிக் கடையில் சோதித்து வாங்கலாம். கூடவே அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்று. ஊர் வெயிலுக்கு இரண்டும் வேண்டும்.