பாசி வளர்த்தால் போதுமா?

நீங்கள் பல் துலக்கும் பற்பசையிலும், விரும்பித் தின்னும் ஐஸ்கிரீமிலும் கடற்பாசிச் சத்து இருக்கக்கூடும் என்றால் நம்புவீர்களா? சிலவகைச் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கும் காரகீனன் என்னும் வழவழப்பான பொருள்தான் அது. பசையைக் கெட்டியாக்குவதும், நீர் பிரியாமல் காப்பதும் அதன் வேலை.

காரகீனன் தரும் காப்பாஃபைகஸ் பாசி நம் நாட்டதன்று. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் 1980-களில் இதை வளர்த்துப் பார்த்தது. பின்னர் மண்டபம் பகுதி மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் இதை வளர்க்கத் தொடங்கினர். சுமார் 45 நாளில் அறுவடை! மரிக்கொழுந்துப் பாசிக்காக மூழ்கி மூழ்கிப் பாறைகளில் கை கிழிந்தவர்களுக்கு இது நல்ல பிழைப்புதான். பிழிந்த சாறு பயிருக்கு உரம், சக்கையில் காரகீனன்.

ஆனால் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்பாசி குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதைக் காட்டியது. பவள உயிரியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டே அதற்கு உணவு சமைக்கின்றன. வெயில் மறைந்தால் அடுப்பு அணைந்த மாதிரிதான். 2013-ஐ ஒட்டி வளர்ப்புப் பாசியும் ஏராளமாக மடிந்து, விளைச்சல் சரிந்தது.

ஆகவே பாசி வளர்ப்பே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதை இரசாயன நிபுணர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் வாதம். பவளத்தை அறிந்தவரும், எந்த மாதம் எந்தப் பாறையருகே நீர் சூடாகும் என்று உடம்பாலேயே அறிந்த பாசி எடுக்கும் பெண்ணும் முதல் நாளே அந்த ஆராய்ச்சியில் அமர வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி நம் கடலில் இயல்பாகவே வளர்வது. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க உதவும் அகார் அதில் கிடைக்கிறது. மெதுவாக வளரும் அதை மிதவைக்குப் பழக்கும் வேலையை அவர்கள் சேர்ந்து தொடங்கலாம்.