பழைய ஸ்போர்ட்ஸ் கார் சரியான விலையா? கம்ப்யூட்டரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட் இணைப்பு கிடைத்ததும் முதலில் தேடுவது என்ன? பாட்டு, சினிமா, ஜாதகம் என்று சொல்வீர்கள். என் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு. இளம் வயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன பொருள்களைத் தேடுகிறார்கள். ஒருவர் வால்வு ரேடியோ தேடுவார், இன்னொருவர் ஆர்எக்ஸ் 100 தேடுவார். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கூரை இல்லாத, இரண்டே கதவுள்ள பழைய கார் தேடுகிறார்கள். தேடினால் படம் வருகிறது, படத்துக்குக் கீழே விலையும் வருகிறது. மானிட்டரில் தெரிவதால் அந்த விலையே மார்க்கெட் விலை என்று நம்பி விடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இரும்பையில் இருக்கிறார். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் பிரவுசரைத் திறப்பது வரை கற்றுக் கொண்டார். ஆரோவில் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் திறந்த கார்கள் போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஆசை வந்து விட்டது. "தம்பி, ஸ்போர்ட்ஸ் கார், 1960களின் ஹெரால்டு, ஆறரை லட்சம்னு போட்டிருக்கான். இன்னொரு தளத்துல இதே மாதிரி வண்டி பன்னிரண்டு லட்சம். அப்ப இது சல்லிசுதானே?" என்று கேட்டார். கையில் இருந்ததோ பணிக்கொடைப் பணம். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இன்டர்நெட்டில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை. வாங்கியவர் கொடுத்த விலை அங்கே பெரும்பாலும் இருக்காது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பழைய கார் ஏலங்களின் முடிவு விலையை வெளியிடுகிறார்கள். ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்கள் காரின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரித்து, தரத்துக்கு ஒரு விலை என்று பட்டியல் தருகின்றன. நம் ஊர் பழைய கார்களுக்கு எல்லோரும் ஒப்புக் கொள்ளும் அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. ஆகவே விலையை நாம்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் நன்றாகவே உதவும்.

முதலில் வண்டி என்ன வண்டி என்பதைப் பார்ப்போம். ஹெரால்டு கார் 1959ல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. நம் ஊரில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961லிருந்து இதைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே வந்த மாடல். பிறகு 1970களில் கெஸல், 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, அந்த நிறுவனத்தின் கார் தயாரிப்பு 1988ல் முடிந்தது. இதே ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கி, அதே மிக்கலோட்டியின் வடிவில் 1962ல் இங்கிலாந்தில் வந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். அதுதான் அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதாவது, நம் ஊர் ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரியப்பா முறை. ஆனால் பெரியப்பாவுக்குத் தம்பி மகனின் விலையைக் கேட்பது என்ன நியாயம்?

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டது, கழற்றி எடுத்து விடலாம். சாதாரண ஹெரால்டைக் கூரை இல்லாமல் ஆக்கி, சிவப்பு பெயின்ட் அடித்து, "ஸ்போர்ட்ஸ்" என்று விளம்பரம் போடுவது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. தயாரிப்பாளரின் அசல் வடிவத்துக்கு மாறான வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் சலூன் என்று இருந்து, எதிரில் நிற்பது திறந்த காராக இருந்தால், கூரை இல்லாததற்காக விலையை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும்.

திறந்த கார்தான் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். 1990களின் இறுதியில் கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம். இரண்டு பேர் உட்காரும் வண்டி, ஃபைபர் உடல், ரெனோவின் 1,149 சிசி எஞ்சின். ஃபைபர் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். ஆகவே வெளியே பளபளப்பைப் பார்த்து மட்டும் விலை பேசாதீர்கள்.

இப்போது கம்ப்யூட்டரின் வேலைக்கு வருவோம். எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். ஒரே மாடல் காருக்கு வரும் விளம்பரங்களைத் தேதி, ஊர், ஆண்டு, கேட்கும் விலை என்று வரிசையாக எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை அதே விளம்பரங்களைத் திறந்து பாருங்கள். மூன்று மாதமாக ஒரே விலையில் ஒரு விளம்பரம் நின்றால் என்ன அர்த்தம்? அந்த விலைக்கு ஒருவரும் வாங்கவில்லை என்று அர்த்தம்! விலை குறைந்தால் அதையும் எழுதுங்கள். எந்த விலைக்கு இறங்கி வந்தபின் விளம்பரம் காணாமல் போகிறதோ, அதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் உள்ள எண்.

சராசரி போடாதீர்கள். ஐந்து விளம்பரங்களில் 3 லட்சம், 3.5 லட்சம், 4 லட்சம், 4.2 லட்சம், 12 லட்சம் என்று இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சராசரி 5.34 லட்சம் வரும். நால்வர் கேட்காத விலை அது! மீடியன் ஃபங்ஷனைப் போட்டால் நடுவில் உள்ள 4 லட்சம் வரும். ஒரே ஒருவர் மனம் போன போக்கில் விலை போட்டு நம் கணக்கைக் குழப்புவது இதனால் தவிர்க்கப்படும். நம் இரும்பை ஐயா ஆறரை லட்சத்தைச் சல்லிசு என்று நினைத்தது அந்தப் பன்னிரண்டு லட்சத்தைப் பார்த்துத்தான்.

அடுத்தது படம். விளம்பரத்தில் உள்ள கார் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, படத்தை வைத்தே தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதே படம் வேறு ஊரில், வேறு பெயரில் வந்தால் அதோடு விட்டு விடுங்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், அட்வான்ஸ் அனுப்புங்கள், வண்டியை அனுப்பி விடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அது பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி. வண்டியைத் தொட்டுப் பார்க்கும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யாரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ பின் நம்பரைப் போடவோ தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பேப்பர் விஷயம் இதைவிட முக்கியம். மத்திய அரசின் பரிவாகன் தளத்திலும் எம்-பரிவாகன் செயலியிலும் வண்டி நம்பரைக் கொடுத்தால் பதிவுத் தேதி, தகுதிக் காலம், இன்சூரன்ஸ், கடன் பாக்கி போன்ற விவரங்கள் வரும். மிகப் பழைய பதிவுகள் பல கம்ப்யூட்டரில் ஏற்றப்படாமலே இருக்கும். அப்போது வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போக வேண்டியதுதான். தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டது. கார்களுக்கு அது 10,000 ரூபாய் ஆனது. போகும் முன் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இரும்பைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வண்டி டி.என். 16 என்று திண்டிவனம் நம்பரில் இருக்கும், பக்கத்துத் தெரு வண்டி பி.ஒய். 01 என்று புதுச்சேரி நம்பரில் இருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் வேறு வரி, வேறு அலுவலகம். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிவு மாற்ற வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்று வேண்டும், அது 28வது படிவம். உரிமை மாற்றத்துக்கு 29, 30. தாத்தா பெயரில் ஆர்.சி. இருந்து தாத்தா காலமாகி விட்டாரென்றால், வாரிசு பெயருக்கு மாற்ற 31வது படிவம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று விற்பவர் சொன்னால், "நீங்களே பார்த்து முடித்து விட்டுச் சொல்லுங்கள், பிறகு வருகிறேன்" என்று சொல்லி விடுங்கள்.

"விண்டேஜ் கார், அதனால்தான் இந்த விலை" என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத, வணிக நோக்கில் பயன்படாத வண்டிகளே அந்த வகையில் சேரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். தினமும் திண்டிவனம் போய்க் காய்கறி வாங்கி வர முடியாது. அப்படி ஓட்டத்தான் ஆசை என்றால், விண்டேஜ் பதிவு உங்களுக்கு எந்தக் கூடுதல் மதிப்பையும் தரவில்லை.

இனி கம்ப்யூட்டரால் முடியாத வேலை, துரு. எங்கள் பக்கம் செம்மண் பூமி, கடலும் அதிக தூரமில்லை. சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் சேஸிஸ் மூலைகளில் அப்பிக் கொண்டு ஈரத்தை மாதக் கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஹெரால்டில் உடலைத் தாங்குவதற்குச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் உண்டு, அவைதான் முதலில் போகும். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கைகள் இல்லை, கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டமே பலத்தைத் தாங்குகிறது. அங்கே பட்டி வைத்துப் பூசியிருந்தால் கார் நடுவில் தொய்யும், கதவு இடைவெளி மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவு இருக்கும். துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை!

வெள்ளத்தையும் மறக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் மிதந்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளும் விற்பனைக்கு வரத்தானே செய்யும்? மிதியடியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பார்த்ததை எல்லாம் மறுபடி எக்ஸெல்லில் கொட்டுவோம். இவை உதாரண எண்கள்தான், உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக் கொள்ளுங்கள். குறையே இல்லாத ஒரு ஹெரால்டு 7,00,000 ரூபாய் என்று வைப்போம். வெல்டிங்கும் பெயின்டும் 1,80,000. எஞ்சின் 60,000. சீட்டும் கூரைத் துணியும் 45,000. பிரேக், டயர் 40,000. பேப்பர் செலவு 25,000. ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் 3,50,000 வரும். பழைய காரில் பிரித்த பிறகுதான் பாதிக் குறை தெரியும், ஆகவே கூட்டுத்தொகையை 1.2 ஆல் பெருக்குங்கள், 4,20,000. ஏழு லட்சத்தில் கழித்தால் மிச்சம் 2,80,000. நீங்கள் கொடுக்கக் கூடிய அதிகபட்ச விலை அதுதான்.

இரும்பை ஐயாவின் கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வந்தது. விற்பவரிடம் அந்த எண்ணைச் சொன்னார், அவர் சிரித்து விட்டு போனை வைத்து விட்டார். ஐயாவுக்கு வருத்தம்தான். விளம்பரம் இன்னும் இருக்கிறது, இப்போது ஐந்தே முக்கால்.

"ஆசைக்கு ஏது விலை?" என்று சிலர் என்னிடம் வாதாடுவார்கள். ஆசைக்காக ஐம்பதாயிரம் கூடக் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். எக்ஸெல்லில் அதற்கும் ஒரு வரி போட்டு, "ஆசை 50,000" என்று எழுதி விட்டுக் கொடுங்கள். துருவுக்குக் கொடுத்த பணத்தை ஆசைக்குக் கொடுத்ததாக நினைத்துக் கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். என்னைக் கேட்டால், குறைந்த விலைக்கு மோசமான வண்டியை வாங்கிச் சரி செய்வதைவிட, ஏற்கெனவே ஒருவர் செலவு செய்து முடித்த நல்ல வண்டியை, பில்களோடு, கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே லாபம்.

வாங்கி விட்டால் அந்த எக்ஸெல் ஃபைலை அழித்து விடாதீர்கள். 5 ஆண்டு தாண்டிய வண்டிக்கும் தயாரிப்பு நின்ற மாடலுக்கும் இன்சூரன்ஸ் மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது படங்கள், பில்கள், செலவுக் கணக்கு எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் பேச எளிது. ஒரு காப்பியைப் பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.