ஆனைவெடியை எங்கே வைக்கிறோம்?



யானை வரும் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் ஆனைவெடி வைத்திருக்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. வனசீவராசிகள் திணைக்களமே அதைக் கொடுக்கிறது. நமது கேள்வி ஒன்றுதான்: வாங்கி வந்ததை எங்கே வைக்கிறோம்? குசினித் தட்டிலா, கட்டிலுக்குக் கீழேயா, பிஸ்கட் டின்னுக்குள்ளா?

வெடிமருந்து என்பது கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்த கலவை. விறகு எரியக் காற்றிலுள்ள ஒட்சிசன் வேண்டும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அணைந்துவிடும். வெடிமருந்துக்கு வேண்டிய ஒட்சிசன் வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. மூடினாலும் எரியும். திறந்த வெளியில் கொஞ்சமாக இருந்தால் 'புஸ்' என்று சுவாலை விட்டு முடிந்துவிடும். இறுக மூடிய டின்னுக்குள் இருந்தால், உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாமல் டின்னையே கிழித்துக்கொண்டு வரும். அப்போது தகரத் துண்டும் போத்தல் கண்ணாடியும் சன்னம்போலப் பறக்கும். சில வெடிகளில் இதைவிட வேகமாக எரியும் கலவையும் இருக்கிறது.

காவல் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நமது மாகாணத்திலேயே, 2010 செப்டெம்பர் 17 அன்று, மட்டக்களப்பு கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வீதி வேலைக்கென்று கொள்கலன்களில் வைத்திருந்த வெடிபொருள் வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 யூன் 5 அன்று கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்து, ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டு இடத்திலும் சீருடைக்காரர் இருந்தார்கள். ஆனாலும் வெடிபொருளுக்குப் பக்கத்திலேயே மனிதர்களும் இருந்தார்கள். ஆளைக் காப்பாற்றுவது தூரமும் குறைந்த அளவும்தான்.

நடுச்சாமத்தில் யானை வேலிக்கு வந்து நிற்கும்போது வெடி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு ஓர் இரவுக்குத் தேவையானது போதும். மிச்சத்தை வீட்டுக்கு வெளியே, நனையாத இடத்தில், பிள்ளைகள் கைபடாமல் பூட்டி வையுங்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டி, மின்வயர் எதுவும் வேண்டாம். நமத்துப்போனதை அடுப்படியில் காயவைக்காதீர்கள். கொடுத்த அலுவலகத்துக்கே அறிவியுங்கள். தீப்பிடித்தால் அணைக்க நிற்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு விலகி ஓடுங்கள்.

பெருநாள், தீபாவளி, புதுவருசம் முடிந்த மறுநாள் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, உடைத்து மருந்து சேர்ப்பது பொடியன்களின் பழக்கம். வகுப்பில் நாங்கள் சொல்லுவோம். வீட்டில் வாப்பாவும் அப்பாவும் சொன்னால்தான் அது நிற்கும்.

ஆனைவெடியைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரிகள், அதை வைக்கும் முறையையும் அந்த இடத்திலேயே விளங்கப்படுத்த வேண்டும். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளில் இதை ஒரு தடவை அறிவித்தால் இன்னும் நல்லது. யானையிடமிருந்து காப்பாற்றிய வீட்டை நாமே வைத்த டின்னுக்குப் பறிகொடுக்கக் கூடாது.