பணம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?

சங்கரன்கோவிலில் கைமாற்று கொடுக்க பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. நாணயமான தறிக்காரருக்கு ஒரு ரூபாய் வட்டி; இழுத்தடிப்பார் என்று தெரிந்தவருக்கு மூன்று ரூபாய் வட்டி. ஆபத்து கூடினால் வட்டி கூடும், அவ்வளவுதான். இதையே மும்பையில் சொன்னால் அதற்கு 'ஹை யீல்டு பாண்ட்' என்று பெயர்!

அந்தச் சந்தையில் இந்தியாவில் பெரிய பெயர் எடுத்தவர் சந்தோஷ் காமத். ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனத்தில் கடன் பத்திர ஃபண்டுகளை நிர்வகித்தவர். மற்றவர்கள் 'ஏஏஏ' முத்திரையைத் தேடி ஓட, இவர் 'ஏஏ', 'ஏ' என்று ஒருபடி இறங்கி, கணக்குகளைத் துருவிப் பார்த்துக் கடன் கொடுத்தார். பல வருடம் நல்ல வருமானமும் காட்டினார். அந்தத் திறமையை யாரும் மறுக்க முடியாது.

2020 ஏப்ரல் 23. கொரோனா ஊரடங்கு. அந்த நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரே நாளில் இழுத்து மூடியது. சுமார் 25,000 கோடி ரூபாய், சுமார் மூன்று லட்சம் முதலீட்டாளர்கள். மூடலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அக்டோபரில் சொன்ன பிறகுதான் வாக்கெடுப்பே நடந்தது.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பணம் எல்லாம் திரும்பி வந்துவிட்டதே!" உண்மைதான். 2021 பிப்ரவரியில் முதல் தவணையாக 9,122 கோடி வந்தது. 2022-ல் மொத்தத் தொகை, மூடிய அன்று இருந்த மதிப்பையே தாண்டியது. அதாவது, காமத் தேர்ந்தெடுத்த கடன்களில் பெரும்பாலானவை மோசமில்லை.

ஆனால் கேள்வி அதுவா? மூடப்பட்ட ஆறில் ஒன்றின் பெயர் 'அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட்'. பெயரைப் பார்த்தால் சில மாதங்களில் எடுக்க வேண்டிய பணத்தைப் போடுகிற இடம் போலத் தெரியும். மே மாதம் கல்யாணம், ஜூனில் காலேஜ் ஃபீஸ் என்று நினைத்துப் போட்டவருக்கு 2022-ல் பணம் வந்தால் அது முழுசாக வந்ததாக அர்த்தமா? கல்யாணத்துக்கு வெளியே வாங்கிய கடனின் வட்டியை யார் கொடுப்பார்கள்?

புரோநோட்டு எழுதி வாங்கியவருக்கு ஒரு விஷயம் தெரியும். கடன் வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கெடுவுக்கு முன்னால் அந்த நோட்டைக் கடைத்தெருவில் விற்றுக் காசாக்க முடியாது. இந்தியாவில் தரம் குறைந்த கடன் பத்திரங்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். வாங்க ஆள் உண்டு, அவசரத்துக்கு விற்கப் போனால் ஆள் இல்லை. அப்படிப்பட்ட பத்திரங்களை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே "எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று விற்றதுதான் தப்பு. வெவ்வேறு பெயரில் இருந்த ஃபண்டுகளில் ஒரே மாதிரியான ஆபத்தான உத்தியைக் கையாண்டதாக 2021 ஜூனில் செபியும் சொன்னது. வாங்கிய கட்டணத்தை வட்டியோடு, சுமார் 512 கோடி ரூபாய், திருப்பித் தரச் சொன்னது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஒரு ஏஜென்ட் வந்து "ஃபண்ட் மேனேஜர் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் அசந்துவிடாதீர்கள். யாரிடம் கொடுத்தால் திரும்பி வரும் என்பதை ஒரு நல்ல ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்லலாம். நாளைக்கே கேட்டால் கிடைக்குமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.