‘டொக்’னு கேட்டா உஷார்!

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்கு கார்ல போயிருக்கீங்களா? இப்போ அந்த ரோட்டுக்குப் பேர் என்.எச். 44. ஆனா, நம்ம அப்பாக்களுக்கு அது இன்னைக்கும் ‘செவன்’தான். மேலுமலை ஏற்றத்தில் முன்னாடி ஒரு டிப்பர் லாரி முக்கி முனகிப் போகும். பின்பக்கம் நிறைய ஜல்லி. தார்ப்பாய் பேருக்கு ஒரு ஓரத்தில் தொங்கும். ‘சரி, ஓவர்டேக் பண்ணிடலாம்’னு கிட்டே போகிற அந்த செகண்டுல... டொக்!

பார்த்தா, முன் கண்ணாடியில் பட்டாணி சைஸில் ஒரு வெள்ளைத் தழும்பு. “அட, சின்னதுதானே, விடு மச்சி”ன்னு பின் சீட்டில் இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலை மட்டும் நம்பிடாதீங்க. இந்தச் சின்னத் தழும்பை அரை மணி நேரத்தில், கம்மி செலவில் சரி பண்ணிட முடியும். ஆனா, அந்த சான்ஸுக்கு ஒரு எக்ஸ்பைரி டேட் இருக்கு. அது எவ்வளவு சீக்கிரம் வரும், ஏன் வரும் என்பதுதான் இந்த வார மேட்டர்.

ஏன் நம்ம ரூட்டில் இவ்வளவு ‘டொக்’?

கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது. சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. ஜல்லியும் எம்-சாண்டும் பார்டர் தாண்டி பெங்களூரு வரைக்கும் போகும். அதே ரோட்டில்தான் சிப்காட் ஷிஃப்ட் பஸ், கம்பெனி கேப், ஏர்போர்ட் டாக்ஸி, வீக் எண்டுக்கு ஊருக்குப் போகிற நம்ம ஆளுங்க எல்லாரும்.

லாரி மேலே இருந்து கொட்டுகிற கல் பாதிக் கதைதான். மீதிக் கதை டயரில் இருக்கு. லாரியின் பின்னால் ரெட்டை டயர் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் கல் சிக்கி, சுற்றி, கவண் மாதிரி பின்னாடி தெறிக்கும். லோடு இல்லாத லாரியிலும் இது நடக்கும் பாஸ்!

வேகம் கூடினால் அடியும் கூடும் என்பது ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ். கல்லின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60 கி.மீ. வேகத்தில் மோதுகிற அதே கல், 100-ல் மோதினால் ஆற்றல் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதனால் டிப்பருக்குப் பின்னாடி குறைந்தது மூணு செகண்ட் இடைவெளி விடுங்க. 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 67 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் பாதிக் கல் ரோட்டிலேயே விழுந்துடும்.

பாரிஸில் விழுந்த குடுவை

முன் கண்ணாடி ஏன் பொலபொலன்னு மடியில் கொட்டாமல் தழும்போடு நிற்கிறது? அதுக்கு ஒரு பிரெஞ்சுக்காரருக்கு தேங்க்ஸ் சொல்லணும். எதுவார் பெனடிக்டஸ் என்கிற வேதியியலாளரின் லேபில் 1903-ல் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-ல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்.

இன்றைய முன் கண்ணாடியும் அதே ஐடியாதான். ரெண்டு கண்ணாடி, ஒவ்வொன்றும் சுமார் ரெண்டு மில்லிமீட்டர். நடுவில் பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் படலம், வழக்கமாக 0.76 மி.மீ. சாண்ட்விச்! இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 100, முன் கண்ணாடி லேமினேட்டட் ஆகத்தான் இருக்கணும்னு சொல்கிறது. கல் பட்டால் பெரும்பாலும் வெளிக் கண்ணாடி மட்டும்தான் அடி வாங்கும். உள் கண்ணாடி ஓகே. அதனால்தான் ரிப்பேரே சாத்தியம்.

சைடு கண்ணாடி வேற ஜாதி. அது டெம்பர்டு. உடைந்தால் கற்கண்டு மாதிரி மொத்தமாகக் கொட்டிடும். அதுக்கு ரிப்பேர் கிடையாது, மாற்றுவது மட்டும்தான்.

கீறலுக்கு ஏன் கால் முளைக்குது?

மெக்கானிக்கல், சிவில் மக்களே, இது உங்க ஏரியா. உருண்டைக் கல் பட்டு வட்டமாகத் தெரிகிற தழும்பு, உள்ளே பார்த்தால் ஒரு கூம்பு வடிவ விரிசல். ரெண்டு வளைந்த பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தினால் என்ன ஆகும்னு 1880-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டவர் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ். ஆமா, ஃப்ரீக்வென்சிக்குப் பேர் கொடுத்த அதே ஹெர்ட்ஸ்! கூரான கல் பட்டால் நட்சத்திரம் மாதிரி கால்கள் விடும். மெக்கானிக் அண்ணன்கள் இதை ‘ஸ்டார்’னுவாங்க. வட்டத்தைவிட ஸ்டார்தான் டேஞ்சர்.

ஏன்? 1913-ல் சார்லஸ் இங்லிஸ் என்கிற இன்ஜினீயர் ஒரு ஃபார்முலா கொடுத்தார். விரிசலின் முனை எவ்வளவு கூர்மையோ, அங்கே அழுத்தம் அவ்வளவு குவியும். சும்மா ஒரு மாதிரிக் கணக்கு: விரிசலின் பாதி நீளம் 5 மி.மீ., முனையின் ஆரம் 5 மைக்ரான்னு வெச்சுக்கோங்க. முனையில் தகைவு சுமார் 64 மடங்கு! நிஜக் கண்ணாடி விரிசலின் முனை இதைவிடக் கூர்மை. கொஞ்ச வருஷம் கழித்து கிரிஃபித் என்கிற இன்னொரு ஆங்கிலேயர், கண்ணாடி ஏன் தன் தியரி பலத்துக்கு வெகு கீழேயே உடைகிறது என்பதை இந்த விரிசல்களை வைத்தே விளக்கினார். ஃப்ராக்சர் மெக்கானிக்ஸ் பாடம் அங்கேதான் பிறந்தது.

இப்போ நம்ம ரூட்டை யோசிங்க. காலையில் ஓசூரில் ஸ்வெட்டர் போடுகிற குளிர். இறங்கி கிருஷ்ணகிரி வந்தால் உச்சி வெயில். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி.யை ஃபுல்லா வைத்து, காற்றை நேராகக் கண்ணாடிக்குத் திருப்புகிறோம். வெளிப் பக்கம் சூடு, உள் பக்கம் குளிர். இதில் வேகத்தடை ஜெர்க் வேற. முனையில் 64 மடங்கு சுமை இருக்கிற விரிசல் சும்மா இருக்குமா? ராத்திரி ஒரு இன்ச் இருந்தது காலையில் ஒரு அடி ஆகிற கதை இதுதான்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. ஷெல்டன் வீடர்ஹார்ன் என்பவர் 1967-ல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் ஈரம் கூடக்கூட கண்ணாடி விரிசல் வேகமாக வளர்வதைக் காட்டினார். தண்ணீர் மூலக்கூறு விரிசல் முனைக்குப் போய், சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை அறுக்க உதவுகிறது. ஆக, அடுத்த மழை வரைக்கும் தள்ளிப்போடுவது கீறலுக்கு நாமே தண்ணி ஊற்றி வளர்க்கிற மாதிரி!

ரிப்பேர்ல என்னதான் பண்றாங்க?

முதலில் தழும்பில் இருக்கிற தளர்ந்த தூளை எடுப்பார்கள். நல்லா காய விடுவார்கள். கண்ணாடி மேல் ரப்பர் உறிஞ்சிக் கப்பில் ஒரு ஸ்டாண்டு, அதன் நடுவில் ஊசி மாதிரி ஒரு இன்ஜெக்டர். முதல் வேலை, விரிசலுக்குள் இருக்கிற காற்றை வேக்குவம் போட்டு உறிஞ்சுவது. அடுத்தது, தண்ணி மாதிரி மெல்லிய ரெசினை அழுத்தி உள்ளே அனுப்புவது. விரிசலின் கடைசிக் கால் வரைக்கும் ரெசின் போனதும் புற ஊதா விளக்கு. சில நிமிஷத்தில் ரெசின் கெட்டியாகிடும். மேலே இருக்கிற குழிக்குக் கொஞ்சம் கெட்டி ரெசின், மறுபடி விளக்கு, பிளேடால் வழித்து, பாலிஷ். முடிஞ்சது!

விரிசலின் ரெண்டு சுவர்களும் ஒட்டிக்கொள்வதால், முனையில் குவிந்த அழுத்தம் பரவிடும். ஈரமும் உள்ளே போகாது. தழும்பு மங்குவதற்கும் ஃபிசிக்ஸ்தான் காரணம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுக்கு 1. அந்த வித்தியாசத்தால்தான் விரிசல் பளிச்சுன்னு தெரியுது. ரெசினும் சுமார் 1.5 என்பதால், ஒளி திசை மாறாமல் போய்விடும். நூறு சதவிகிதம் மறையாது. ஒரு சின்னப் புள்ளி தங்கும். ‘இருந்த இடமே தெரியாது’ன்னு யாராவது சத்தியம் பண்ணினால், வேற கடை பாருங்க.

கடைக்குப் போகிற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். தழும்பு மேல் சுத்தமான செல்லோ டேப் ஒன்று ஒட்டுங்க. தூசியும் தண்ணியும் போகாது. வாட்டர் வாஷ் வேண்டாம். காரை நிழலில் நிறுத்துங்க. ஏ.சி. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பாதீங்க. முக்கியமா, ஃபெவிக்விக் வைத்தியம் கூடவே கூடாது. அது வாய்ப்பகுதியை அடைத்துவிட்டால், அப்புறம் நல்ல ரெசின் உள்ளே போகவே வழி இருக்காது.

எப்போ ‘நோ’ சொல்லணும்?

எல்லாத் தழும்பையும் ஒட்டிடலாம்னு நினைக்காதீங்க. ஒரு ரூபாய் காசால் மறைக்க முடிந்தால் பெரும்பாலும் சான்ஸ் உண்டு. உள் கண்ணாடியும் உடைந்திருந்தாலோ, விரிசல் ஓரத்தைத் தொட்டிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

டிரைவரின் கண்ணுக்கு நேரே இருக்கிற தழும்பு ரொம்ப ஸ்பெஷல் கேஸ். பிரிட்டனின் எம்.ஓ.டி. வாகனப் பரிசோதனையில், ஸ்டீயரிங்குக்கு நேரான 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் ஃபெயில். வைப்பர் துடைக்கிற மற்ற இடத்துக்கு 40 மி.மீ. வரைக்கும் சலுகை. காரணம் புரியுதா? ராத்திரி எதிரே வருகிற லாரி ஹைபீம் அடித்தால், அந்த ஒரு புள்ளி வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கும். குறுக்கே வருகிற டூவீலர் அண்ணனைப் பார்க்க முடியாது. காசை மிச்சம் பிடிக்கிற இடம் இது கிடையாது.

முன் கண்ணாடி வெறும் ஜன்னலும் இல்லை பாஸ். பல கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடி மேல்தான் சாய்ந்து நிற்கும். கார் உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் அதுக்குப் பங்கு உண்டு. இப்போ வருகிற கார்களில் கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால், கண்ணாடி மாற்றிய பிறகு அதை மறுபடி அளவு சரிபார்க்கணும். அதுக்குத் தனிச் செலவு.

பர்ஸ் பேசுது

ரிப்பேருக்கு ஊரையும் தழும்பையும் பொறுத்து சில நூறில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் ஆகலாம். புதுக் கண்ணாடின்னா சின்ன காருக்கே பல ஆயிரம். ‘இன்ஷூரன்ஸ் இருக்குல்ல?’னு கேட்பீங்க. இருக்கு. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க என்பது நல்ல செய்தி. ஆனா, கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போகலாம். முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து, அஞ்சு வருஷத்தில் 50 சதவிகிதம் வரைக்கும் சேர்த்த தள்ளுபடி அது. சொந்த சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய்னா, 50 சதவிகிதம் என்பது வருஷத்துக்கு 4,000. கணக்குப் போட்டுட்டு ஃபோன் பண்ணுங்க. ‘மாற்றாமல் ரிப்பேர் மட்டும் பண்ணினாலும் போனஸ் போகுமா?’ன்னு முதலிலேயே கேட்டுடுங்க.

நமக்கு இது ஒரு நாள் அலைச்சல். லோன் போட்டு கார் வாங்கி, ஓசூர் டு பெங்களூரு ஓட்டுகிற டாக்ஸி அண்ணனுக்கு இது ஒரு நாள் சம்பாத்தியமும், மாசக் கடைசி டியூவும். கண்ணாடி மாற்ற வண்டியை நிறுத்தினால் அன்னைக்கு டிரிப் கிடையாது. அதனால்தான் நிறைய பேர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு தள்ளிப்போடுறாங்க. விரிசல் அதுக்குள்ள கண்ணாடி முழுக்க நடந்து முடிச்சிடும். அடுத்த முறை கேப்பில் ஏறும்போது கண்ணாடியில் புதுத் தழும்பு தெரிந்தால், “அண்ணே, மழைக்கு முன்னாடி ஒட்டிடுங்க, டேப்பாவது போட்டுக்கோங்க”ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க படிக்கிற ஃப்ராக்சர் மெக்கானிக்ஸ் செமஸ்டர் மார்க்கைத் தாண்டி ஒருத்தருக்கு உதவினால், அதைவிட என்ன வேணும்?

ரைட், தூரத்துல ஒரு டிப்பர் வருது. மூணு செகண்ட் கேப்... ஞாபகம் இருக்குல்ல?