‘உங்கட அல்லாஹ்’ என்று ஒருவர் இல்லை

“உங்கட அல்லாஹ் இதைப் பத்தி என்ன சொல்லுறார்?” பல்கலைக்கழகத்துக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி எங்களைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. விடுதியில் ஒரே சட்டியில் சோறு தின்கிற கூட்டாளிமார்தான். எங்களை உறுத்துவது அந்த ‘உங்கட’. பிள்ளையார் அவங்கட, இயேசு இவங்கட, அல்லாஹ் உங்கட என்று காணி பிரிச்ச மாதிரி கடவுளைப் பிரித்தாயிற்று. எங்கட பங்குக்கு வந்தவர் அரபு நாட்டுக்காரர், கோபக்காரர், தண்டிப்பதற்கென்றே உட்கார்ந்திருப்பவர். இந்தச் சித்திரம் பிழை. இதை வரைந்ததில் எங்கட ஆக்களுக்கும் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்பம். அரபு மொழியில் ‘இலாஹ்’ என்றால் வணங்கப்படும் தெய்வம். அதன் முன்னால் ‘அல்’ சேர்ந்து ‘அல்லாஹ்’ ஆனது என்பதுதான் மொழியறிஞர்களில் அதிகமானோரின் கருத்து. இதற்குப் பன்மை இல்லை, பெண்பால் இல்லை. எபிரேயத்தின் ‘எலோஹிம்’ இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். இயேசு பேசிய அரமேய மொழியில் கடவுளுக்கு இருந்த சொல்லும் அதே குடும்பம்தான். இன்றைக்கும் லெபனானிலும் எகிப்திலும் அரபு பேசுகிற கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் ‘அல்லாஹ்’ என்றுதான் மன்றாடுகிறார்கள். அரபு பைபிளின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் படைப்பவரும் ‘அல்லாஹ்’தான். 10ஆம் நூற்றாண்டில் தோராவை அரபுக்குக் கொண்டுவந்த யூத அறிஞர் சஆதியா காவோனும் அதே சொல்லைப் போட்டார். மால்டாவுக்குப் போனால், கத்தோலிக்கர்கள் ‘அல்லா’ என்று செபிப்பதைக் கேட்கலாம், ஏனென்றால் அவர்களுடைய மொழி அரபியிலிருந்து கிளைத்தது.

இன்னொன்று. முஹம்மது நபியின் வாப்பா பெயர் அப்துல்லாஹ், ‘அல்லாஹ்வின் அடிமை’ என்று பொருள். நபி பிறக்க முன்பே மௌத்தானவர் அவர். இஸ்லாம் வர முன்பே மக்காவாசிகளிடம் அந்தச் சொல் இருந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேணும்? வானத்தையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் அவர்களே ‘அல்லாஹ்’ என்றுதான் சொல்வார்கள் எனக் குர்ஆனும் பேசுகிறது. ஆக, நபி ஒரு புதுக் கடவுளை அறிமுகம் செய்யவில்லை. லாத், உஸ்ஸா, மனாத் என்று அவனுக்குப் பங்காளிகளை வைத்ததிலும், அந்தப் பங்காளிகளின் பெயரால் நடந்த வியாபாரத்திலும், அநாதைகளை விரட்டிவிட்டுத் தொழுகிற பெருந்தனக்காரர்களிலும்தான் சண்டை.

‘அல்லாஹ் பழைய சந்திர தெய்வம்’ என்ற கதை எங்கட வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 1990களில் ராபர்ட் மோரி என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரசாரகர் பரப்பிவிட்டது. குர்ஆனின் 41ஆம் அத்தியாயத்தைத் திறந்தாலே கதை முடிந்துபோகும்: சூரியனுக்கோ சந்திரனுக்கோ சுஜூது செய்யக் கூடாது, அவற்றைப் படைத்தவனுக்கே செய்ய வேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. பிறை எங்களுக்கு மாதக் கணக்கு. கொடியில் அது ஏறியது உஸ்மானியர் காலத்துப் பழக்கத்தால்.

கஃபாவைப் பற்றிய பகிடிகளும் இப்படித்தான். உள்ளே சிலை மறைத்து வைத்திருக்காம், கல்லைத்தான் கும்பிடுறாங்களாம். உள்ளே இருப்பது மூன்று தூண்களும் தொங்கும் விளக்குகளும் உள்ள வெறும் அறை. மக்கா வெற்றியின்போது பிலால் அதன் கூரைமேல் ஏறி நின்று பாங்கு சொன்னார். கும்பிடுகிற தெய்வத்தின் தலையில் ஏறி யாராவது நிற்பாங்களா? கறுப்புக் கல்லை முத்தமிட்ட கலீஃபா உமர், நீ நன்மையும் செய்யாத தீமையும் செய்யாத ஒரு கல் என்று அதைப் பார்த்தே சொன்னார், நபி முத்தமிட்டதால்தான் தானும் முத்தமிடுவதாகச் சொன்னார். மதீனாவுக்கு வந்த பிறகும் 16, 17 மாதங்கள் ஜெருசலேமை நோக்கித்தான் முஸ்லிம்கள் தொழுதார்கள். திசை மாறலாம், தொழப்படுபவன் மாறவில்லை.

“அல்லாஹ் சொல்கிறான் என்று மரியாதை இல்லாமல் எழுதுறீங்களே?” இந்தக் கேள்வி எங்களுக்குப் பிடிக்கும், ஏனென்றால் இது தமிழ்க் கேள்வி. ‘அவர்’ என்பது அடிப்படையில் பன்மை. ஒருவன் என்பதில் விட்டுக்கொடுக்காத சமூகம் ஒருமையைப் பிடித்துக்கொண்டது. சைவர்களும் ‘எல்லாம் அவன் செயல்’ என்கிறார்களே. ஆனால் ‘அவன்’ என்றதும் தாடி வைத்த ஒரு ஆம்பிளையை மனதில் வரைந்தால் அது இஸ்லாம் சொல்கிற இறைவன் இல்லை. அரபியில் ஆண்பால், பெண்பால் இரண்டுதான், அஃறிணை கிடையாது. ‘ஹுவ’ என்பது இலக்கணம் மட்டுமே. அவன் பெறவில்லை, பெறப்படவுமில்லை, அவனைப் போல எதுவும் இல்லை என்பதுதான் கொள்கை. ‘ரஹ்மான்’ என்ற பெயர் பிறக்கிற வேரிலிருந்துதான் கருப்பைக்கான சொல்லும் பிறக்கிறது. 114 அத்தியாயங்களில் 113 அந்தப் பெயரோடுதான் தொடங்குகின்றன. கோபக்காரர் என்று முடிவெடுக்க முன் அதையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு ‘அல்லாஹு அக்பர்’ இந்த நாட்டில் குண்டுச் சத்தமாகிப் போனது. தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அப்படிக் கேட்டால் அவரோடு நாங்கள் வாதாட மாட்டோம். ஆனால் மற்றவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். கடமையான ஐந்து நேரத் தொழுகையில் மட்டும் அந்தச் சொல் 94 தடவை வருகிறது. குனிய, நிமிர, நெற்றியை நிலத்தில் வைக்க. பிறந்த பிள்ளையின் காதில் அதுதான், ஜனாஸாத் தொழுகையில் நான்கு தடவை அதுதான். இறைவன் மிகப் பெரியவன், ஆகவே நான் சின்னவன் என்று சொல்லப் பழகுகிற வார்த்தை. அதைத் திருடிக்கொண்டு போய் மற்றவனைக் கொன்றவன் தன்னைப் பெரியவனாக்கிக் கொண்டான்.

இதெல்லாம் தெரியாமல் போனதற்கு எங்கட கூட்டாளிமாரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. தரம் 1 முதல் 11 வரை சமயபாட மணி அடித்ததும் வகுப்பு பிரிந்து போகிறது. அவனவன் புத்தகம், அவனவன் அறை. பதினொரு வருசம் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் யாரிடம் மன்றாடுகிறான் என்பதை அரசாங்கமே எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பல முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் பக்கத்துக் கதிரைகூட இல்லை, பாடசாலையே வேறு.

இப்போது எங்கட ஆக்கள். அல்லாஹ்வைத் தங்கள் பெயரில் உறுதி எழுதி வைத்திருப்பவர்கள். ‘கடவுள்’ என்று சொல்லக் கூடாது, அது காபிர்களின் சொல் என்று சில மௌலவிமார் பயான் பண்ணுகிறார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணத்தைக் கடவுள் வாழ்த்துப் படலத்தோடுதான் தொடங்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபு ‘மனோன்மணி’ என்று காதலியை அழைப்பது போலப் பாடினார். எங்கட மூத்தம்மாமார் ‘என்ட நாயனே’ என்று அழுது துஆக் கேட்டவர்கள். இவர்களெல்லாம் தவ்ஹீது தெரியாதவர்களா?

மலேசியாவில் இது சட்டமாகவே போனது. கத்தோலிக்கர்களின் ‘ஹெரால்ட்’ வார இதழ் மலாய் மொழியில் ‘அல்லாஹ்’ என்று எழுதக் கூடாது என உள்துறை அமைச்சு தடுத்தது. சபா, சரவாக் கிறிஸ்தவர்கள் பல தலைமுறையாகப் பாவித்த சொல் அது. 2009 கடைசியில் உயர் நீதிமன்றம் இதழின் பக்கம் தீர்ப்பளித்ததும், 2010 ஜனவரியில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. வேதக்காரர்களிடம், எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே என்று சொல்லுங்கள் எனக் கற்பிக்கிற குர்ஆனை (29ஆம் அத்தியாயம்) ஓதிக்கொண்டே அந்தப் பெயருக்கு வேலி போட்டார்கள். இது ஈமான் இல்லை, வணிகச் சின்னத்தைப் பதிவு பண்ணுகிற வேலை.

தூரத்துக்குப் போக வேண்டாம், மாவனல்லை போதும். 2018 டிசம்பரில் அங்கே புத்தர் சிலைகளை உடைத்தவர்கள் அல்லாஹ்வுக்காகச் செய்ததாக நினைத்தார்கள். மற்றவர்கள் அழைக்கிற தெய்வங்களை ஏசக்கூட வேண்டாம், அவர்கள் அறியாமல் திருப்பி அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்று 6ஆம் அத்தியாயம் தடுக்கிறது. ஏசுவதற்கே தடை, உடைப்பதற்கு எங்கிருந்து அனுமதி வந்தது? அந்த வசனத்தை வெள்ளிக்கிழமைக் குத்பாவில் கேட்டு எவ்வளவோ நாளாச்சு.