கை நின்ற பிறகு

அம்மாவுக்குக் காபியை அரை டம்ளருக்கு மேல் ஊற்றுவதில்லை. ஊற்றினால் வாய்க்குப் போகும் முன்பே புடவையில் சிந்திவிடும். மடியில் வைத்திருக்கும் கை சும்மாதான் இருக்கிறது. எதையாவது எடுக்கப் போனால் நடுங்குகிறது. பார்க்கின்சன் இல்லை, 'எசென்ஷியல் ட்ரெமர்' என்றார் நரம்பியல் மருத்துவர். ப்ராப்ரனலால் மாத்திரை கொஞ்சம் கேட்டது. பேங்க்கில் கையெழுத்துப் போடவேண்டிய நாளில் அம்மா காலையிலிருந்தே பேசுவதில்லை.

அதனால்தான், மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்டால் நடுக்கத்தை நிறுத்தும் சிகிச்சையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தலையை மழித்து, சட்டம் பூட்டி, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைக்கிறார்கள். ஹெல்மெட் போன்ற கிண்ணத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலைகள் மூளையின் நடுவே தலாமஸில் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. எலும்பு சுடாமலிருக்கக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளி விழித்திருப்பார். முதலில் இளஞ்சூடு கொடுத்துப் பார்ப்பார்கள். நடுக்கம் குறைகிறதா, உதடு மரக்கிறதா என்று கேட்பார்கள். பிறகு சூட்டை 55, 60 டிகிரி வரை ஏற்றினால் சில மில்லிமீட்டர் திசு வெந்துவிடும். சிகிச்சைக்கு முன் கோணல்மாணலாகச் சுருள் வரைந்த கை, அதே மேஜையில் படுத்தபடியே ஒழுங்காக வரைகிறது. அந்தப் படங்களைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி எலியஸ் தலைமையில் 76 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் கை நடுக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதே அறிக்கையில், அவர்களில் 36 சதவீதம் பேருக்கு நடை தடுமாறியது. 38 சதவீதம் பேருக்கு மதமதப்போ மரத்துப்போதலோ வந்தது. ஓர் ஆண்டு கழித்தும் 9 சதவீதம் பேருக்கு நடையும், 14 சதவீதம் பேருக்கு உணர்வும் சரியாகவில்லை. 2016 ஜூலையில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

கைக்குப் பார்த்த வைத்தியம் உதட்டில் ஏன் தெரிகிறது? குறிவைக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருப்பது தொடு உணர்வை வாங்கும் பகுதி. அதில் விரலும் உதடும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். சூடு கொஞ்சம் தள்ளிப் பரவினால் இரண்டும் சேர்ந்து மரத்துப்போகும். 'பக்கவிளைவு' என்ற சொல் இந்த அளவுக்கு நேர்ப்பொருளில் பொருந்தி நான் பார்த்ததில்லை. நடைக்கு வேறு காரணம். சிறுமூளையிலிருந்து வரும் நரம்புத்தடம் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. நடுக்கத்தைக் கொண்டுவரும் தடத்துக்கு அருகிலேயே உடலை நிலையாக நிறுத்தும் தடங்களும் போகின்றன. போதாததற்கு, வெந்த இடத்தைச் சுற்றி முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும். மேஜையில் இல்லாத தள்ளாட்டம் வீட்டுக்கு வந்தபின் வருவது இதனால்தான். வீக்கம் வடிய வடியப் பலருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு நாக்கில் ருசி மாறுகிறது, பேச்சு குழறுகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றை 'லேசானது' என்று வகைப்படுத்துகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை. ஏற்கெனவே சுவரைப் பிடித்து நடப்பவருக்குத் தள்ளாட்டம் லேசானதல்ல. இதற்கு மாற்றாக, 1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் மருத்துவர் பெனாபிட் தொடங்கிவைத்த, மூளைக்குள் மின்முனை செருகும் சிகிச்சைக்கு மண்டையில் துளையிட வேண்டும். ஆனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மின்சாரத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். வெந்ததை அப்படித் திருப்ப முடியாது. கத்தியில்லை என்பது உண்மை. காயமில்லை என்று சொன்னால் அது பொய். முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே அனுமதி தந்த எஃப்.டி.ஏ., இன்னொரு பக்கத்துக்கு 2022 டிசம்பரில்தான் இசைந்தது. இரு பக்கமும் காயப்பட்டால் பேச்சும் நடையும் கெடக்கூடும் என்ற அச்சம் பழைய அறுவை சிகிச்சைக் காலத்திலிருந்தே உண்டு.

இத்தனைக்குப் பிறகும் இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். தன் கையால் சாப்பிட முடிவது எவ்வளவு பெரிது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுருள் படத்தைக் காட்டும் அதே நேரத்தில், 'இப்போது நடை எப்படி, எப்போதாவது விழுந்தீர்களா' என்றும் கேட்க வேண்டும்.

படித்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "எந்தக் கைக்குப் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு வலது கைக்குத்தான்மா."

"அப்போ வலது பக்கத்து உதடுதான் மரத்துப்போகுமா?"

"போகணும்னு இல்ல. போகலாம்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். "இடது பக்கமா குடிச்சுக்கலாம்," என்றாள். "மாடிப்படியைத்தான் யோசிக்கணும்."